தற்றுணிபு

கடிதம் கொடுத்தது மார்ச் இருபத்தெட்டு.
போனஸ் விழுந்தது ஏப்ரல் எட்டு.
இடையில் பதினொரு நாள்.

ஃபர்ஸான் சொன்னான்தான்,
தேத்தண்ணி மெசினுக்குப் பக்கத்தில் குரலைத் தாழ்த்தி:
"காசு கைக்கு வரட்டும், பொறகு குடுங்க."
அவனுடைய கடிதம்
ஜனவரியில் இருந்து லாச்சிக்குள் படுத்திருந்தது,
திகதி மட்டும் போடாமல்.

புது இடத்தில் மே இரண்டாம் திகதி வரச் சொன்னார்கள்.
ஒரு கிழமை தள்ளிக் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
வெட்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
முகத்தில் ஒன்று, லாச்சிக்குள் ஒன்று
வைத்திருக்கத் தெரியாத பழக்கம் என்றும்.

போனஸ் கணக்குப் போடுகிறவள் நான்தான்.
நாற்பத்தேழு பேர், நாற்பத்தேழு வரி.
முப்பத்தொன்றில்
க. யசோதினி,
சேவைக்காலம் ஒன்பது வருடம் மூன்று மாதம்,
இரண்டரை மாதச் சம்பளம்.

இஷாரா எட்டாம் மாடியில் இருந்து இறங்கி வந்தாள்.
கதிரையை இழுத்துப் போட்டு
பக்கத்தில் இருந்தாள்.
"என்ட கையில ஒண்டும் இல்ல" என்றாள்.
அவள் கையில் என் கடிதத்தின் பிரதி இருந்தது.
கூட்டுத்தொகை பின்னேரத்துக்குள் மேலே போகவேண்டுமாம்.
அந்த வரியை
நானே எடுத்துவிட முடியுமா?

எடுத்தேன்.
எனக்குக் கீழே இருந்த பதினாறு பேரும்
ஒரு படி மேலே ஏறினார்கள்.

ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவு
ஆங்கிலத்தில் ஈரச் சவர்க்காரம் மாதிரி,
பிடித்தேன் என்று நினைத்தால் கையில் இருக்காது.
தொழில் திணைக்களத்தின் மும்மொழித் துண்டில்
அன்றுதான் அதைத் தமிழில் கண்டேன்:
முகாமையின் தற்றுணிபுக்கு உட்பட்டது.
பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி பிரித்த மாதிரி
பிரித்துப் பார்த்தேன்.
தன், துணிபு.
யாருடைய தன் என்று
அடிக்குறிப்பில்கூட இல்லை.

கொம்பனித்தெரு ஸ்டேசனில் ஐந்தேகால் ரயில்.
கொம்பனி என்று தன் பேரிலேயே வைத்திருக்கிற தெருவில்
நியாயத்தை யாரிடம் போய்க் கேட்பது?
பெட்டி நிறையச் சனம்.
கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கடல்,
ஒரு பக்கத்துச் சனம் மட்டும் பார்க்கிற கடல்.
எனக்குக் கிடைத்தது மற்றப் பக்கம்.

வெள்ளவத்தையில் இறங்கவில்லை, போன் அடித்தது.
காலி வீதிக் கடை நவாஸ்:
"மிஸ், சலவை மெசின அனுப்பவா?
வருசத்துக்கு முந்தி எண்டு சொன்னீங்க."
ஐயாயிரம் முற்பணம் கட்டியிருந்தேன்.
கொஞ்சம் பொறுங்கோ என்றேன்.
மெசின் பொறுக்கும்,
நவாஸும் பொறுப்பார்.
விலைதான் பொறுக்காது.

சுகிர்தன் ஒன்றும் சொல்லவில்லை.
பல் தீட்டும்போது மட்டும்,
வாய் நிறைய நுரையோடு,
"பதினொரு நாள்" என்றார்.
கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னார்.
கண்ணாடிக்குள் நானும் நின்றேன்.

சனிக்கிழமை மொட்டைமாடியில்
கட்டில் விரிப்பைப் பிழிந்தோம்.
ஒரு தலைப்பு அவரிடம், ஒன்று என்னிடம்.
நான் வலத்தால் முறுக்க
அவரும் வலத்தால் முறுக்க
தண்ணீர் இறங்கியது.
"புதுக் கந்தோரில் போனஸ் இருக்கா?"
"இருக்காம்."
"எழுத்திலயா?"
விரிப்பை உதறினேன்.
அவர் கண்ணாடியில் தெறித்தது.

ஒன்பதாம் திகதி காலை
ஃபர்ஸான் திகதியைப் போட்டான்.
கைகொடுத்து வாழ்த்தினார்களாம்.
நல்ல பெடியன். எனக்குக் கோபமில்லை,
அல்லது அது கோபமென்றால்
அவன்மேல் இல்லை.

அவன் பிரியாவிடைக் கேக்குக்காக
மேசை மேசையாக ஒரு காக்கி உறை வந்தது.
அதன்மேல் இஷாராவின் வடிவான கையெழுத்து:
விரும்பியவர்கள் மட்டும்.

ஐந்நூறு ரூபா போட்டேன்.